கிதாரின் வயிற்றுக்குள் ஒரு கை

பழைய இசைக்கருவிகளுக்கு வயது சொல்கிறவனுக்குப் 'பல் டாக்டர்' என்று ஏன் பெயர் வந்தது என்று கேட்பவர்கள் அவன் சட்டைப் பையைப் பார்த்தால் போதும். பல் வைத்தியர்கள் வாய்க்குள் விட்டுப் பார்க்கிற குட்டிக் கண்ணாடி ஒன்று எப்போதும் அதில் இருக்கும். அதைக் கருவிக்குள் விட்டு, முத்திரையையும் வரிசை எண்ணையும் படித்து, யார் செய்தது, எந்த வருஷத்துச் சரக்கு என்று சொல்லிவிடுவான். அவன் சொன்னால் சொன்னதுதான். மியூசியக்காரர்களே மறுபேச்சுப் பேச மாட்டார்கள்.

அப்பேர்ப்பட்டவனுடைய வலது கை இப்போது ஒரு கிதாருக்குள் மாட்டிக்கொண்டு கிடந்தது. எல்லாம் அவசரத்தால் வந்த வினை. கையை உள்ளே விடுமுன் வாட்சைக் கழற்றி மேஜையில் வைப்பது அவன் வழக்கம். இன்று அக்கா புருஷன் தலைமாட்டில் நின்றுகொண்டு "ஆச்சா, ஆச்சா" என்று பிடுங்கியதில் மறந்து தொலைத்தான். வாட்சின் கொக்கி, உள்ளே குறுக்காக ஒட்டியிருந்த மரச்சட்டத்தில் மாட்டிக்கொண்டது. இழுத்தால் சட்டம் பெயர்ந்துவிடும்.

"கண்ணாடியிலயே நம்பர் தெரியுதே மச்சான், கையை எதுக்கு விட்டே?" என்றார் அத்தான்.

காரணம் இருந்தது. அந்தக் கிதாரைச் செய்தவர் பெட்டியை மூடுவதற்கு முன்பே எண்ணை அடித்துவிடுவார். மரம் மேஜையில் கிடக்கும், சுத்தியல் நேராக விழும், எல்லா எண்ணும் ஒரே ஆழத்தில் பதியும். மூடிய பெட்டிக்குள் பிற்பாடு எவனாவது பதித்தால் சுத்தியலை ஓங்க இடம் ஏது? நெம்பி அழுத்தத்தான் முடியும். ஒரு பக்கம் பள்ளமாகும், மறுபக்கம் பட்டும் படாமலும் நிற்கும். கண்ணாடிக்கு இது பிடிபடாது, விரலுக்குப் பிடிபடும். பல் டாக்டரின் விரல் எண்களைத் தடவியது. எல்லாமே இடப்பக்கம் ஆழம், வலப்பக்கம் ஒன்றுமில்லை. பச்சைப் பித்தலாட்டம்!

"நம்பர் சரியில்லை அத்தான். யாரோ பிற்பாடு பதிச்சிருக்காங்க."

அத்தான் அதிர்ச்சியடையவில்லை. அந்த 'யாரோ' யார் என்பது அதிலேயே விளங்கிவிட்டது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுச் சாவகாசமாக உட்கார்ந்தார்.

"இதை வாங்கப்போற மியூசியத்துக்கு ஃபோன் போடுறேன். சரியான நம்பர்னு ஒரு வார்த்தை சொல்லிடு. அப்புறம் எண்ணெய் விட்டு மெதுவா கையை எடுக்கலாம்."

"சொல்லலேன்னா?"

"உங்க அக்கா கார்ல உட்கார்ந்திருக்கா. அவ துணிப்பெட்டி டிக்கியில இருக்கு. நீ சரின்னா பெட்டி வீட்டுக்குத் திரும்பும். இல்லேன்னா அதுவும் அவளும் இங்கேயே இறங்கிக்கலாம்."

பாவி மனுஷன்! அவன் வேலை அறையின் ஒரே ஜன்னலை, ஆளுயரச் செல்லோ வாத்தியங்களின் பெட்டிகள் மறைத்திருந்தன. கதவுக்கும் அவனுக்கும் நடுவில் அத்தான். எழுந்து பார்த்தான், கிதாரும் கூடவே எழுந்தது. மறுபடி உட்கார்ந்தான். பொய் சொன்னால் நாளைக்கு இன்னொருவன் விரல் இதே எண்ணைத் தடவும், தொழிலில் அவன் பேச்சை எவனும் மதிக்க மாட்டான். உண்மையைச் சொன்னால் அக்கா நடுத்தெருவில். கொஞ்ச காலமாக எப்போது கேட்டாலும் "எனக்கென்னடா குறை" என்று சிரிக்கிறவள் அவள்.

கதவு திறந்தது. "என்னங்க இவ்வளவு நேரம்?" என்று வந்த அக்கா தம்பியைப் பார்த்துத் திகைத்தாள். "ஐயையோ, என்னடா இது கோலம்?"

"நம்பர் சரியான்னு கேட்டேன். சொல்லுவான்," என்றார் அத்தான், மியூசியத்துக்கு ஃபோனைத் தட்டி, ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தபடி.

அக்கா தம்பியையே பார்த்தாள். கண்ணில் கெஞ்சல் அப்பட்டமாகத் தெரிந்தது. என்ன கேட்கிறாள் என்று புரிந்துவிட்டதாக அவன் நினைத்தான்.

"சரியான நம்பர்தான் அக்கா."

அவள் முகம் செத்துப்போயிற்று. சந்தோஷப்பட வேண்டியவள் இப்படி நிற்கிறாளே என்று அவன் குழம்பினான். அதற்குள் மூக்கு அரிக்க ஆரம்பித்தது. பொய் சொன்னால் சின்ன வயதிலிருந்தே அவனுக்கு மூக்கு அரிக்கும். ஒரு கை உள்ளே, மறு கை கிதாரைத் தாங்கியபடி. வேறு வழியில்லாமல் கிதாரின் விளிம்பிலேயே தேய்த்துக்கொண்டான்.

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. "டேய் லூசு, எனக்காகப் பொய் சொல்றியா? என்னை மிரட்டத்தான் இவரு பெட்டி அடுக்கச் சொன்னாரு. நான் நிஜமாவே அடுக்கிட்டேன்டா. நீ இல்லேன்னு சொல்லுவேன்னு நம்பி வந்தேன்."

"ஹலோ? ஹலோ?" என்றது அப்போதுதான் லைன் கிடைத்த ஃபோன்.

பல் டாக்டர் அதன் பக்கம் குனிந்தான். "பொய் நம்பர் சார். பெட்டியை மூடினப்புறம் பதிச்சது."

அத்தான் பாய்ந்து வந்து கிதாரின் கழுத்தைப் பிடித்து வெறிகொண்டு இழுத்தார். உள்ளே ஏதோ முறிந்தது. தோல் உரிந்து கை வெளியே வந்தது, வாட்ச் உள்ளேயே தங்கிவிட்டது. கிதாரோடு அவர் காரை நோக்கி ஓடுவதற்குள் அக்கா டிக்கிக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டாள். "திறங்க," என்றாள்.

கார் போனபின் அவள் இறக்கிய பெட்டியைத் திறந்து, காயத்துக்குக் கட்டத் துணி தேடினாள். மேலாக அவளுடைய சான்றிதழ்கள், அடியில் கம்பளி ஸ்வெட்டர்கள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே அக்கா?"

காயத்தைச் சுற்றிக் கட்டியபடி அவள் நிமிராமலே சொன்னாள்: "போன தடவை சொன்னேனே. நீதானே சமாதானம் பண்ணி, திரும்ப அவர்கிட்டயே கொண்டுபோய் விட்டே?"

பல் டாக்டர் கட்டுப் போட்ட கையோடு எழுந்துபோய், ஜன்னலை மறைத்த செல்லோ பெட்டிகளை நகர்த்த ஆரம்பித்தான்.