அருணகிரி பறக்கவிட்ட ட்ரோன்

துப்பறியும் அருணகிரியை இந்தக் கதிக்கு ஆளாக்குவார்கள் என்று தெரிந்திருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை டிவியையே போட்டிருக்க மாட்டேன். போடாமல் இருந்திருந்தால் இன்னும் மோசமாகப் போயிருக்கும், அது வேறு விஷயம்.

வானொலி நாடகத்தில் வந்த அருணகிரிக்கு ஒரு குடை, ஒரு ஓட்டை சைக்கிள், அவ்வளவுதான் சொத்து. யார் வீட்டுக்குப் போனாலும் அடுப்படியில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டே பேச்சுக் கொடுப்பார். கடைசியில் திருடனே வாய் தவறி உளறிவிடுவான். அதைக் காலத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றி எடுக்கிறோம் என்று மாதக்கணக்கில் விளம்பரம் செய்தார்கள். முதல் பாகத்தில் வந்து நின்றவனைப் பார்க்க வேண்டுமே! கறுப்புக் கண்ணாடி, மினுமினுக்கும் தலைமுடி, வாயைத் திறந்தால் இங்கிலீஷ். சங்கிலி காணோம் என்று அழுகிற அம்மாளிடம் ஆறுதலாக ஒரு வார்த்தை கிடையாது. கைப்பேசியை நாலு தட்டுத் தட்டினான், துப்பு தானாக வந்து விழுந்தது.

"கர்மம்! இவனா அருணகிரி? ஃபோன் விக்கிற கடையில நிக்கிறவன் மாதிரி இருக்கான்," என்றேன்.

"சும்மா பாரு யோகா. இப்ப ஒரு முக்கியமான ஆளு வருவாரு," என்றார் என் வீட்டுக்காரர் மகேஸ்வரன். காலையிலிருந்தே முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு.

ஷர்மினி தரையில் உட்கார்ந்து நெத்திலித் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். அவள் என் தங்கை சந்திரமதியின் மகள். எங்கள் வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. புருஷன் மூர்த்தி அடித்ததில் இடது மணிக்கட்டு உடைந்து, இன்னும் அந்தக் கையால் கனமாக எதையும் தூக்க மாட்டாள். மெர்சிங்கில் அவள் அம்மா வீட்டில் வைத்திருக்க முடியாது, அவன் முதலில் தேடுவது அங்கேதான். தேடியும் விட்டான், வாசல் கண்ணாடியை உடைத்துவிட்டுப் போனான்.

எங்கள் ஊர் பண்டார் தெங்காராவுக்கு மட்டும் அவன் வரவில்லை. எனக்கும் சந்திரமதிக்கும் எங்கள் அண்ணன் கல்யாணத்திலிருந்து பேச்சுவார்த்தை இல்லை, அது அவனுக்கு நன்றாகத் தெரியும். அப்படிப்பட்ட தங்கை ஒரு நாள் விடியற்காலையில் காரை நிறுத்தி, கேட்டுக்கு வெளியிலேயே நின்று, "வச்சிக்க" என்று மட்டும் சொல்லி மகளை விட்டுவிட்டுப் போனாள். சொந்தக்காரர்களிடம் பிள்ளை சிங்கப்பூரில் வேலை செய்கிறாள் என்று சொல்லி வைத்தோம்.

திரையில் அருணகிரி எங்கள் தாமானுக்குள் நுழைந்தான். ஆமாம், நாங்கள் குடியிருக்கும் இதே தாமான்தான். எதிர் வரிசை வீட்டில் ரெண்டு நாள் படம் பிடித்தார்கள். அந்த ரெண்டு நாளும் ஷர்மினியை வாசல் பக்கம் தலைகாட்ட விடவில்லை, ஜன்னல் துணியைக்கூட விலக்க விடவில்லை. அவ்வளவு ஜாக்கிரதை!

டிவியில் ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே போனது. அதன் மேல் இஸ்திரி போட்ட சட்டையில் என் வீட்டுக்காரர்.

"அலமாக்! பாத்தியா? பாத்தியா? நான்தான்!"

"உங்களுக்கு யார் இந்த வேலைய கொடுத்தது?" என்று கேட்டேன். கேட்டாலும் சிரிப்பு வந்துவிட்டது. ஷர்மினியும் கையைத் தட்டிச் சிரித்தாள்.

அதற்குள் அருணகிரி பைக்குள்ளிருந்து ஒரு ட்ரோனை எடுத்துப் பறக்கவிட்டான். அக்கம்பக்கத்தில் நாலு பேரிடம் பேசித் துப்புத் தேட வேண்டியவன், ஊரான் வீட்டுக் கொல்லையை மேலேயிருந்து எட்டிப் பார்க்கிறான்! திட்ட வாயெடுத்தேன். கூரைகள், செம்பனைத் தோட்டம், கோயில் கோபுரம், மறுபடி கூரைகள். கீழே இறங்கியது. எங்கள் வீட்டுப் பின்பக்கம். கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தாள். முகம் முழுசாகத் தெரிந்தது.

ஷர்மினி கையிலிருந்த தட்டு கவிழ்ந்தது.

"பெரியம்மா, அது நானு."

படப்பிடிப்பு முடிந்து வேனெல்லாம் போய்விட்டது என்று நினைத்த மறுநாள் காலை அது. மேலே ஏதோ ரீங்காரம் போட்டதாக அவள் அன்றைக்கே வந்து சொன்னாள். தோட்டத்தில் மருந்தடிக்கும் ட்ரோன் வாரத்துக்கு ரெண்டு தடவை எங்கள் கூரை மேலேதான் போகும், அதனால் நானும் கண்டுகொள்ளவில்லை.

"ரெண்டே வினாடிதானே, யார் பாத்திருப்பா?" என்றேன். என் குரலே எனக்கு நம்பிக்கை தரவில்லை.

என் வீட்டுக்காரர் முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போனதோ தெரியவில்லை. சோபாவில் கிடந்த அவருடைய கைப்பேசி விடாமல் டிங் டிங் என்றது.

"என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க?"

"குடும்ப குரூப்ல போட்டேன் யோகா. நான் டிவியில வரேன், நம்ம தாமான்லதான் எடுத்தாங்க, எல்லாரும் மறக்காம பாருங்கன்னு."

எங்கள் குடும்ப வாட்ஸாப் குரூப்பில் மூர்த்தி இருக்கிறான். அவன் அம்மா வெள்ளையம்மாவும் இருக்கிறாள். சம்பந்தி வீட்டாரைத் தூக்கினால் கல்யாணம் முறிந்தது என்று ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி ஆகிவிடும், பெரியவர்களை எப்படித் தூக்குவது என்று ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டு எல்லாரும் அப்படியே விட்டுவிட்டோம். தினம் காலை வணக்கம் பூப்படம் வேறு போய்க்கொண்டிருந்தது.

கைப்பேசியைப் பிடுங்கிப் பார்த்தேன். "மாமா ஹீரோ லா!" என்று ஒருவன். கைதட்டும் பொம்மைகள் வரிசையாக. அதற்குக் கீழே என் அண்ணன் மகள் லோஷினி டிவியைப் படம் பிடித்துப் போட்டிருந்தாள். "அத்தை, உங்க வீட்டு பின்னால துணி காயப்போடறது நம்ம ஷர்மினி அக்கா மாதிரியே இல்ல?" வெள்ளந்திப் பிள்ளை, அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் அந்த நேரத்தில் அவள் கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவசர அவசரமாக, "அது வேலைக்கு வந்த பொண்ணு மா" என்று தட்டிப் போட்டேன். யாரும் பதில் போடவில்லை. எல்லாவற்றுக்கும் ஏதாவது கிண்டலாக எழுதுகிற மூர்த்தி ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை. ஆனால் பார்த்தவர்கள் வரிசையில் அவன் பெயர் இருந்தது.

"கார் எடுங்க. போலீஸ் பலாய்க்குப் போலாம்," என்றேன்.

"அவன் மசாய்லேருந்து வரணும். ஒரு மணி நேரமாவது ஆகும்."

"அதுக்கு? உக்காந்து மீதிப் படத்தையும் பாக்கப் போறீங்களா?"

அவர் சாவியைத் தேடி ஓடினார். ஷர்மினி சிதறிய நெத்திலியைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள். "எனக்கு பயமா இருக்கு பெரியம்மா. இந்தத் தடவ விட மாட்டாரு," என்றாள். அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். வேறென்ன செய்ய எனக்குத் தெரியும்?

அப்போது என் கைப்பேசி அடித்தது. வெள்ளையம்மா.

"எடுக்காத. உளவு பாக்குது கிழவி," என்றேன் ஷர்மினியிடம். மகன் அடித்ததைப் பார்த்துக்கொண்டு வாயை மூடி நின்றவள் என்று நாலு மாதமாக அவளைக் கரித்துக் கொட்டியிருக்கிறேன். மணி நின்றது, மறுபடி அடித்தது. மூன்றாம் முறை ஷர்மினியே எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அத்தை."

"அம்மாடி, அங்கதான் இருக்கியா? அங்க நிக்காத மா! அவன் கிளம்பிட்டான்." மூச்சு இரைத்தது. "டிவிய பாத்துக்கிட்டே இருந்தான், ஒன்னும் பேசல. விளம்பரம் போட்டதும் எழுந்துட்டான். கார் சாவிய நான் எடுத்து சேலைக்குள்ள மறச்சேன். புடுங்கிக்கிட்டுப் போயிட்டான்."

நாங்கள் செருப்புக்கூடப் போடாமல் காரில் ஏறினோம். டிவி உள்ளே தன் பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது. அவன் வரக்கூடிய கூலாய் பக்கமிருந்து வரும் ஒவ்வொரு காரின் விளக்குக்கும் ஷர்மினி என் மடியில் தலையைக் குனிந்து மறைத்துக்கொண்டாள். ஃபோனை மட்டும் காதிலிருந்து எடுக்கவில்லை.

"அத்தை, உங்கள ஏதாச்சும் பண்ணாரா?"

"கைய முறுக்குனான். வீங்கியிருக்கு, அவ்வளவுதான். எனக்கு இது பழக்கம்தானே மா, அவங்க அப்பா காலத்துலேருந்து. நீ போய்ச் சேரு."

ஷர்மினி உடைந்த கையால் ஃபோனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அத்தை, வைக்காதீங்க. கதவ உள்ள பூட்டுங்க, போலீஸ்ல உங்க அட்ரஸையும் கொடுக்கப் போறேன்," என்று சொன்னாள்.