பதினோராவது நிமிடத்துச் சீழ்க்கை

எங்கள் குழுவில் பாட்டைப் பற்றிப் பேசக் கூடாது. பாட்டைப் பற்றிப் பேச ஊரெல்லாம் ஆள் இருக்கிறது, பாட்டு முடிந்த பிறகு பின்னால் ஓடுகிற இசையைக் கேட்கத்தான் ஆள் இல்லை என்பது குழுவைத் தொடங்கியவரின் கட்சி. அவர் பேருந்து நடத்துனர். குழுவிலும் அதுவே அவர் பெயர். மொத்தம் பதினொரு பேர். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு, ஒரு படத்தின் பின்னணி இசையை அவரவர் வீட்டிலிருந்து ஒரே நேரத்தில் கேட்போம். கேட்டு முடித்ததும் கருத்தைத் தாளில் பேனாவால் எழுதி, படம் பிடித்து, சரியாக ஐந்து மணிக்கு அனுப்ப வேண்டும். ஒரு நிமிடம் முந்தினாலும் நடத்துனர் விட மாட்டார், பிந்தினாலும் விட மாட்டார். ஒருவர் எழுதியதைப் பார்த்து இன்னொருவர் எழுதிவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு.

நான் செயற்கைப் பல் செய்கிறவள். டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துப் பல் செட்டும் பல்லுக்கு மாட்டும் உறையும் செய்து கொடுக்கும் லேப்பில் இருபத்திரண்டு வருடமாக வேலை. பேனா பிடிப்பது போல ஒரு சிறு மோட்டாரைப் பிடித்து நாள் முழுவதும் தேய்க்க வேண்டும். குழுவில் எனக்குப் பல்லக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். மற்றவர்கள் "பிரமாதம்", "சொதப்பல்" என்று எழுதும்போது, நான் இடது ஓரத்தில் நிமிடமும் நொடியும் குறித்து, எதிரே கேட்டதை எழுதுவேன். மூன்று பக்கத்துக்குக் குறைந்ததில்லை. ஒரு வாத்தியத்தை இன்னொன்று என்று எழுதிவிட்டதாக நான்கு வருடத்தில் யாரும் என்னைப் பிடித்ததில்லை.

பிடிபட்டது ஒரு மழை நாளில். தம்பியைத் தேடி அண்ணன் அலைகிற படம். அதில் அண்ணன் ஒரு கதவைத் திறந்து உள்ளே போனதும் நாற்பது நொடி ஒன்றுமே இல்லை. நான் அந்த மௌனத்துக்கே முக்கால் பக்கம் எழுதியிருந்தேன். இசையமைப்பாளர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும் என்று முடித்திருந்தேன். ஐந்து மணிக்கு மற்ற பத்துத் தாள்களும் வந்து விழுந்தன. பத்திலும் அந்த நாற்பது நொடிதான் இருந்தது. தலைமுடி அளவுக்கு மெலிந்த ஒற்றை வயலின், உச்சியில், நாற்பது நொடியும் விடாமல் இழைகிறதாம்.

"பல்லக்கா, வயலினைக் கடிச்சுத் தின்னுட்டீங்களா?" என்று நடத்துனர் கேட்டார்.

"இயர்போன்ல ஒரு பக்கம் போச்சு தம்பி" என்று பதில் போட்டேன். போட்ட பிறகு உட்கார முடியவில்லை.

முதலில் இயர்போனை மாற்றினேன். பிறகு என் வீட்டுக்காரரின் கைப்பேசியில் போட்டுப் பார்த்தேன். மறுநாள் லேப்பில், மெழுகு உருகும் இடைவெளியில், கணினியின் ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்துக் கேட்டேன். கதவு திறந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை. பக்கத்து மேசைக்காரி, "என்னக்கா, யாரோ கொசுவைப் பிடிச்சு ஸ்பீக்கருக்குள்ள விட்டாப்ல இருக்கு" என்றாள். அவளுக்கு இசை என்றால் கல்யாண வீட்டு இரைச்சல். அவளுக்கே கேட்கிறது.

அன்று மாலை பழைய தாள்களை எடுத்தேன். எல்லாவற்றையும் தேதிப்படி கோப்பில் வைத்திருக்கிறேன். நான்கு வருடத்துக்கு முந்தைய ஒன்றில், என் கையெழுத்தில், "6:20, சிறு மணி ஒன்று, இரண்டு தரம்" என்று இருந்தது. அந்த இசையைத் தேடிப் போட்டேன். ஆறு நிமிடம் இருபது நொடி வந்தது, போனது. மணி விழவில்லை. பின்னால் தள்ளி மறுபடி போட்டேன். ஒன்பது தடவை போட்டேன். மணி இருந்தது என்பதற்கு நானே சாட்சி, இல்லை என்பதற்கும் நானே சாட்சி.

வியாழக்கிழமை அரை நாள் விடுப்பில் காது பரிசோதனைக்குப் போனேன். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். வெகுநேரம் நான் எதையும் அமுக்கவில்லை. கூண்டுக்கு வெளியே பரிசோதனை செய்யும் பெண் ஏதோ திருகிக்கொண்டே இருந்தது மட்டும் தெரிந்தது.

வெளியே வந்ததும் ஒரு வரைபடத்தைக் காட்டினார். கோடு பாதி தூரம் சமமாகப் போய், அப்புறம் படிக்கட்டில் உருண்டு விழுந்தது.

"பேச்சு நல்லா கேக்கும். உச்சத்துல இருக்கற சத்தம்தான் போயிருக்கு. ரெண்டு காதுலயும். வேலை செய்யறப்போ காதுக்கு ஏதாவது போடுவீங்களா?"

"வாய்க்குப் போடுவேங்க. தூசிக்கு."

"காதுக்கு?"

"பல்லு செய்யற இடத்துல காதுக்கு யார் போடுவாங்க?"

"இனிமே போடுங்க. இருக்கறதாவது இருக்கும். போனது வராதும்மா" என்றார். அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அந்த நாற்காலியின் கைப்பிடியைப் பிய்த்து எடுக்க வேண்டும் போலிருந்தது.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் நூலகத்தில் வேலை செய்கிறார். இருபது வருடமாக, யார் எந்த மூலையில் கிசுகிசுத்தாலும் கண்டுபிடித்து "ஷ்" என்பதுதான் அவர் உத்தியோகம்.

"கேக்கலைன்னா கேக்கலைன்னு எழுதிடேன்" என்றார்.

"எழுதிட்டு? அந்தக் குழுவுல எனக்குன்னு இருக்கறதே காது ஒண்ணுதான். அதுவும் போச்சுன்னா நான் யாரு?"

"அப்ப என்னதான் பண்ணணுங்கற?"

அந்த யோசனை எனக்குத் தோன்றியதை இன்றும் நினைத்தால் கூசுகிறது. அடுத்த ஞாயிறு கட்டிலில் இருவரும் உட்கார்ந்து, இயர்போனில் ஆளுக்கு ஒரு பக்கத்தை மாட்டிக்கொண்டோம்.

"கீச்சுன்னு எது கேட்டாலும் விரலைத் தூக்குங்க. மெல்லிசா இருந்தா ஒரு விரல், அழுத்தமா இருந்தா ரெண்டு."

"பாத்ரூம் போகணும்னாலும் ஒரு விரல்தானே?"

"விளையாடாதீங்க. நாலு மணி ஆச்சு."

சுரங்கத்தில் சிக்கிய தொழிலாளர்களைப் பற்றிய படம். அவர் கண்ணை மூடிக்கொண்டு நேர்மையாக உட்கார்ந்திருந்தார். நான்காவது நிமிடத்தில் ஒரு விரல். எட்டாவது நிமிடத்தில் இரண்டு. பதினோராவது நிமிடத்தில், எனக்கு அடிநாதத்தில் பெரிய வயலின் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு விரல் தூக்கி, இறக்கி, தூக்கி, இறக்கி, ஆறு தரம் காட்டினார். எழுதினேன். "11:05, தொலைவில் ஒரு சீழ்க்கை, விட்டு விட்டு, ஆறு முறை. மண்ணுக்கு மேலிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள், கீழே இருப்பவர்களுக்கு அது எட்டவில்லை."

ஐந்து மணிக்கு அனுப்பினேன். ஐந்து இரண்டுக்கு ஆரம்பித்தது.

"பல்லக்கா, என்ன எழுத்து! அந்தச் சீழ்க்கையை நான் கவனிக்கவே இல்லையே" என்று ஒருவர். மருந்துக்கடைக்காரர் என்று ஒருவர் உண்டு, கடை வைத்திருக்கிறார், எதிலும் பின்தங்க மாட்டார். "நானும் கேட்டேன், எழுத விட்டுப்போச்சு. சரியா ஆறு தரம்தான். உடம்பு சிலிர்த்துடுச்சு" என்று எழுதினார். இன்னும் இருவர் ஆமாம் போட்டார்கள்.

நடத்துனர் மட்டும், "எனக்குக் கேக்கல. இன்னொரு தடவை கேட்டுட்டு வரேன்" என்றார். ஆறு மணிக்கு, "இன்னொரு தடவை" என்றார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து எதுவும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை எனக்குத் தனியாக எழுதினார். "அக்கா, பதினாலு தடவை கேட்டுட்டேன். இன்ஜின் பக்கத்துலயே பத்தொன்பது வருஷம் நின்னதுக்குக் கூலி வந்துடுச்சுன்னு நினைக்கறேன். வியாழக்கிழமை மூணு மணிக்குக் காது டாக்டரைப் பார்க்கறேன். இனிமே குழுவை நீங்களே நடத்துங்க. உங்க காதுக்கு முன்னாடி நான் உக்காந்து தீர்ப்பு சொல்றது அசிங்கம்."

படித்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். அங்கிருந்து கூடத்துக்கு வந்தேன். மறுபடி சமையலறைக்குப் போனேன். கடைசியில் என் வீட்டுக்காரரை அங்கேயே அழைத்து, இயர்போனைக் கொடுத்து, பதினோராவது நிமிடத்தை மறுபடி கேட்கச் சொன்னேன்.

"ஒண்ணும் இல்லையே" என்றார்.

"ஆறு தரம் தூக்கினீங்களே!"

"அன்னைக்குக் கேட்டுச்சு. இப்ப இல்ல." கொஞ்சம் யோசித்தார். எழுந்து படுக்கையறைக்குப் போய், கட்டிலில் உட்கார்ந்து, மின்விசிறியை மூன்றில் வைத்தார். இயர்போன் மாட்டாத காதை மேலே காட்டினார். பிறகு மெதுவாக ஒரு விரலைத் தூக்கினார். இறக்கினார். தூக்கினார்.

நான் மின்விசிறிக்கு நேர் கீழே நின்றேன். காற்று மட்டும்தான் வந்தது.

"எப்போலேர்ந்து இது கத்துது?"

"ஒரு வருஷம் இருக்கும். ஒண்ணுலயும் ரெண்டுலயும் கத்தாது. மூணுல வச்சா எப்பவாவது. நீ ஒண்ணும் சொல்லலையா, சரி, உனக்குப் பழகிப்போச்சுன்னு நினைச்சேன்."

"அதைப் போய் இசைன்னு காட்டினீங்களே!"

"நீதானே கீச்சுன்னு எது கேட்டாலும் தூக்கச் சொன்ன? எது இசை, எது விசிறின்னு எனக்கு என்ன தெரியும்? நான் நூலகம்மா!"

அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது. எழுதியது என் கை.

வியாழக்கிழமை காலை வேலைக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டுப் பேருந்து நிலையத்துக்குப் போனேன். நடத்துனரை அதற்கு முன் இரண்டு தரம்தான் நேரில் பார்த்திருக்கிறேன். அவர் தன் வண்டியின் படியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கண் உள்ளே போயிருந்தது.

"வாங்கக்கா. என்ன இவ்வளவு தூரம்? வண்டி எடுக்கப் பன்னெண்டு நிமிஷம் இருக்கு."

"டாக்டர்கிட்ட போக வேண்டாம் தம்பி. அந்த இடத்துல சீழ்க்கை இல்ல."

"நீங்க எழுதியிருக்கீங்களே."

"அது எங்க வீட்டு மின்விசிறி."

அவர் என்னையே பார்த்தார். பரிசோதனை, விரல், மூன்றாம் எண் என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். வயலின் கேட்காததையும் சொன்னேன். இயர்போன் கெட்டது பொய் என்பதையும் சொன்னேன். தேநீர்க் குவளையைப் படியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

"நாலு நாளாச்சுக்கா! நாலு நாளா நான் சரியா சாப்பிடல. ஒருத்தர் டிக்கெட்டுன்னு கேட்டா, மெதுவா கேக்கறாரா, எனக்குத்தான் கேக்கலையான்னு சந்தேகம். மூணு பேர்கிட்ட சத்தமா பேசச் சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும்."

"என்ன மனுஷிக்கா நீங்க!"

அவர் இரண்டடி போனார், திரும்பி வந்தார். திடீரென்று முகம் மாறியது.

"ஆமா, அப்ப அந்த மருந்துக்கடைக்காரர் எதைக் கேட்டாராம்? ஆறு தரம்னு எண்ணிக்கை வேற சொன்னாரே!"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவர் முழுதாகச் சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்து, முகத்தை அந்தப்புறம் திருப்பி ஊதினார். "இது கேக்குதா?"

"கேக்குது."

"அப்ப வண்டியில ஏறலாம்" என்றவர், அதே மூச்சில், "குழுவுல நீங்களேதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னா கோள் சொன்ன மாதிரி ஆயிடும்" என்றார்.

ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினார். மூன்று மணிக்கு டாக்டரிடம் போகப்போகிறாரா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்தேன். மின்விசிறியையும் நிறுத்திவிட்டேன். தாளின் தலைப்பில், நிமிடமும் நொடியும் தொடங்குமுன், நடந்ததை எட்டு வரியில் எழுதினேன். சுரங்கப் படத்தில் நான் எழுதிய பதினோராவது நிமிடம் பொய், அது எங்கள் வீட்டு மின்விசிறியின் கீச்சு என்று எழுதினேன். நாற்பது நொடி மௌனமும் என் காதுடையது, இசையமைப்பாளருடையது அல்ல என்று எழுதினேன். அதற்குக் கீழே அன்றைய இசைக்கு ஒன்றரைப் பக்கம்தான் வந்தது. ஒன்பதாவது நிமிடத்தில் எல்லா வாத்தியமும் பின்வாங்கிய ஓர் இடம் இருந்தது. எவ்வளவு அழுத்திக் கேட்டும் பிடிபடவில்லை. எழுதினேன். "9:14 முதல் 9:36 வரை எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். இல்லாவிட்டாலும் சொல்லுங்கள்."

ஐந்து மணிக்கு அனுப்பினேன். பத்துத் தாள்கள் வந்தன. வழக்கமாக உடனே கிண்டல் தொடங்கிவிடும். அன்று ஐந்து பத்து வரை ஒரு சொல் வரவில்லை. நான் எழுந்து ஜன்னல் வரை போய்த் திரும்பினேன்.

முதலில் நடத்துனர் எழுதினார். "9:14ல ஒண்ணும் இல்லக்கா. சத்தியமா."

அடுத்த நொடி மருந்துக்கடைக்காரர். "இருக்கு. ரொம்ப மெல்லிசா ஒரு மணி."

"நீங்க வாயைத் திறக்காதீங்க. மின்விசிறியைக் கேட்டு உடம்பு சிலிர்த்தவர்தானே நீங்க!" என்று நடத்துனர் பாய்ந்தார்.

"அன்னைக்குச் சும்மா சொன்னேன், ஒத்துக்கறேன். இன்னைக்கு நிஜமாவே கேட்டேன். வேணும்னா என் தாளைப் பாருங்க, அஞ்சு மணிக்கே எழுதியிருக்கேன்."

அவர் தாளைத் திறந்தேன். "9:20, மணி?" என்று கேள்விக்குறியோடு எழுதியிருந்தார். மற்ற எட்டுப் பேரும் ஒவ்வொருவராக, "இருங்க, இன்னொரு தடவை கேட்டுட்டு வரேன்" என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

கதவு லேசாகத் திறந்தது. என் வீட்டுக்காரர் தலையை மட்டும் நீட்டினார்.

"நான் வேணா கேட்டுச் சொல்லட்டுமா?"

"நீங்க போங்க" என்றேன். இயர்போனின் இரண்டு பக்கத்தையும் நானே மாட்டிக்கொண்டு, ஒன்பதாவது நிமிடத்துக்குத் திரும்பத் தள்ளினேன்.