தலை நனையவில்லை

என் நைனா லுத்தரன் சபைப் போதகர். நான் கைக்குழந்தையாக இருந்தபோது, அவரே என் நெற்றியில் தண்ணீர் தெளித்து மோனிகா என்று பெயர் வைத்தார். அது செல்லாதாம். வீட்டுக்காரர் கிஷோர் போய்ச் சேர்ந்தபின் நான் போய்வரும் திருப்பதி பாப்டிஸ்ட் சபையில் அப்படித்தான் சொல்கிறார்கள். குழந்தைக்கு விசுவாசம் என்றால் என்ன தெரியும்? வளர்ந்து, தானே நம்பி, தன் வாயால் சொல்லி, தலை முங்கத் தண்ணீருக்குள் போய் எழ வேண்டும். பழைய ஆள் செத்துப் புதைக்கப்பட்டு, புது ஆள் எழுந்து வருவதாக அர்த்தம். நியாயம்தான். ஆனால் நைனா கொடுத்ததைச் செல்லாது என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முழுக்கு எடுக்காதவர்களுக்கு அந்தச் சபையில் கர்த்தருடைய பந்தியில் அப்பமும் ரசமும் கிடையாது. மாதாமாதம் அப்பத் தட்டு என் மடியைத் தாண்டிப் பக்கத்திலிருக்கும் யசோதாவுக்குப் போகும். நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுவதுபோல நடிப்பேன். ஆராதனை முடிந்ததும் எல்லோரும் கைகூப்பி ஸ்தோத்திரம் சொல்வார்கள், நானும் சொல்வேன். பிறகு வீடு. பூட்டைத் திறந்தால் காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். யார்மேல் எரிந்து விழுவது?

போன வருஷம் பிச்சாட்டூர் ஏரியில் ஞானஸ்நானம் கொடுத்தபோது நான் கரையில் நின்று வேடிக்கை பார்த்தேன். நனைந்து ஏறிவந்த ஒவ்வொரு பெண்ணையும் யசோதா துண்டால் போர்த்தி இறுகக் கட்டிக்கொண்டாள். மற்றவர்கள் சூழ்ந்து நின்று பாடினார்கள். கிஷோரை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு என்னை யாரும் கட்டிப்பிடித்ததில்லை. சீ, இதற்கெல்லாமா ஏங்குவது என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனாலும் இந்த வருஷம் பெயர் கொடுத்துவிட்டேன்.

பாஸ்டர் அஷ்வின் சின்ன வயசுக்காரர். இடுப்பளவு தண்ணீரில், என் மூக்கைப் பொத்தக் கைக்குட்டையோடு நின்றார்.

"இயேசுவ நம்பறீங்களா ஆன்ட்டி?"

"சின்ன வயசுலேர்ந்து நம்பிக்கினுதான் இருக்கறேன்."

"இந்த ஞானஸ்நானம் உங்க சொந்த விசுவாசத்துல நீங்களா எடுத்த முடிவுதானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாழாய்ப்போன வாய் வரவில்லை.

"இல்ல பாஸ்டர். எங்க நைனா குடுத்ததே போதும்னுதான் எம் மனசு சொல்லுது. தனியா இருந்து இருந்து முடியல. கரையில கட்டிப்பாங்களே, அதுக்குத்தான் வந்தேன்."

அவர் கைக்குட்டையை இறக்கினார். கோபப்படவில்லை.

"அப்ப நான் முக்கக் கூடாது ஆன்ட்டி. பொய்யாப் பூடும்."

என் கையைப் பிடித்து ஆழமில்லாத இடம்வரை கொண்டுவந்து விட்டார். கரையில் பாட்டு நின்றுபோயிருந்தது. மானம் போயிற்று. யார் முகத்தையும் பார்க்காமல் வேன் நிற்கும் பக்கமாக விறுவிறுவென்று நடந்தேன்.

"மோனிகாக்கா, நில்லு. எங்க ஓடறே?" யசோதா துண்டோடு பின்னாலேயே வந்தாள்.

"எனக்கு எதுக்குடி இது? தலையே நனையலியே!"

"பொடவ சொட்டிக்கினு இருக்குது. குளுரலியா உனக்கு?"

சொல்லிக்கொண்டே போர்த்தி, அப்படியே கட்டிக்கொண்டாள். யாரும் பாடவில்லை. நான் வெட்கங்கெட்டு ஓவென்று அழுதேன். அதற்குள் அடுத்த பெண் முழுகி எழுந்துவிட, துண்டை என்மேலேயே விட்டுவிட்டு யசோதா அங்கே ஓடினாள்.

அடுத்த பந்தியிலும் தட்டு என்னைத் தாண்டித்தான் போனது. யசோதா ஒரு கையால்தான் வாங்கினாள். இன்னொரு கையால் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.