அடிக்காத புருஷன்

காப்பிக் கொட்டகையில் குனிந்தபடி கொட்டை பொறுக்கிப் பொறுக்கி வேலம்மாளுக்கு இடுப்பு விட்டுப் போயிருந்தது. மத்தியானம் சோற்றை முடித்துவிட்டுக் கொஞ்சம் சாயலாம் என்றால் விடமாட்டார்கள். அந்தத் தலைச்சோலை எஸ்டேட்டுப் பெண்களில் தடுமாறாமல் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். கணக்கெழுதும் ரைட்டர் மரியஜோசப் சேலத்திலிருந்து வாங்கி வரும் வாரப் பத்திரிகையைத் தான் படித்து முடித்ததும் அவளிடம் கொடுத்துவிடுவார். தொடர்கதையை அவள் வாசிக்க, மற்றவர்கள் சாப்பிட்டபடி கேட்பார்கள்.

கதையில் சந்திரா என்றொருத்தி. கைக்குழந்தையையும் கட்டியவனையும் விட்டுவிட்டு ஒரு போட்டோ ஸ்டூடியோக்காரனோடு போய்விடுகிறாள். எழுதிய அம்மாள் அந்தப் புருஷன்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. அவளுக்கு இன்னொருவன்மேல் ஆசை வந்துவிட்டது, அவ்வளவுதான்.

வேலம்மாள் அதை அப்படியே வாசிக்கவில்லை. புருஷனைக் குடிகாரனாக்கினாள், அவன் கையில் விறகுக்கட்டையைக் கொடுத்தாள். எல்லாம் கூட உட்கார்ந்து கேட்கும் கிருஷ்ணம்மாளுக்காகத்தான். மாரமங்கலத்தில் புருஷனை விட்டுவிட்டு வந்து, இங்கே கூலிக்காரர்களின் லைன் வீட்டில் ஐயாக்கண்ணுவோடு இருப்பவள் அவள். கூடக் கொட்டை பொறுக்கும் பழனியம்மாளின் வாய் சும்மா இருக்காது. கதையைச் சாக்காக வைத்து அந்தப் பெண்ணைக் குத்திக் கிழித்துவிடுவாள்.

ஒரு மத்தியானம் மூட்டை பார்க்க வந்த ரைட்டர், வாசிப்பதைக் கேட்டு நின்றார்.

"ஏம்மா வேலம்மா, அந்தாளு எங்கம்மா அடிச்சான்? நான் ஒரு வாரங்கூட உடாம படிக்கிறேன். அவன் தங்கமானவனாச்சே!"

வேலம்மாளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"நல்ல புருசன உட்டுப்போட்டா போனா? நாசமாப் போறவ!" என்றாள் பழனியம்மாள். கண் கிருஷ்ணம்மாள் பக்கம் போய் வந்தது. "வேலம்மா, நீ சொன்னபடியே சொல்லு. அதுதான் கேக்க நல்லாருக்குது."

"வேண்டாங்க்கா," என்றாள் கிருஷ்ணம்மாள். "அதுல இருக்கறதப் படிங்க."

வேலம்மாள் படித்தாள். வீட்டை விட்டுப் போன அன்று காலையில்கூடப் புருஷன் சந்திராவுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்திருந்தான்.  பழனியம்மாள் எழுந்து வெளியே போய்க் காறித் துப்பிவிட்டு வந்தாள்.

சாயங்காலம் பனி இறங்கிய பாதையில் வேலம்மாளும் கிருஷ்ணம்மாளும் லைனுக்கு நடந்தார்கள்.

"கோவமா கண்ணு? உனக்கு நல்லதுன்னுதான் அப்படிப் படிச்சேன்."

"தெரியுமுங்க்கா. ஆனா எம் புருசன் ஒருநாளும் எம்மேல கை வெச்சதில்லீங்க. பஞ்சாயத்துல அடிச்சானா, குடிச்சானான்னு கேட்டாங்க. ஆமான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா லேசா முடிஞ்சிருக்கும். அந்த மனுசன்மேல பொய் சொல்ல மனசு வல்லீங்க." மூச்சு வாங்க நின்றாள். "நான் சொல்லாத பொய்ய நீங்க வாரா வாரம் சொல்ற மாதிரி இருந்துச்சுங்க."

வேலம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். சற்று நடந்த பிறகு, "இப்ப நல்லா இருக்கறயா?" என்றாள்.

"இவரும் நல்லவருதானுங்க. எனக்குத்தான் நொம்ப அலுப்பா இருக்குது. ரெண்டு பேரையும் மனசுல வெச்சுக்கிட்டுச் சோறாக்கறேன்." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

பங்குனியில் கதை முடிந்தது. சந்திரா சாகவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. வாடகை அறையில் பால் காய்ச்சுகிறாள். பக்கத்து வீட்டுக் குழந்தை அழுகிறது. பாலை இறக்கி வைத்துவிட்டு, அழுகை ஓயும்வரை கேட்டுக்கொண்டு நிற்கிறாள். பிறகு காப்பி கலக்கப் போகிறாள்.

"அவ்வளவுதானா?" என்று பழனியம்மாள் கத்தினாள். "திரும்பி ஊட்டுக்குப் போனாள்னு நீயாச்சும் சொல்லேன். எழுதுனவளுக்கா தெரியப்போவுது?"

ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். எல்லாரும் திருப்தியாக எழுந்து போவார்கள். தானும் கொஞ்சம் கண்ணயரலாம். வேலம்மாளுக்கு அந்த வரி வாய்வரை வந்தது.

"அவங்க எழுதுனது இத்தோட சரி," என்றாள்.

மறுநாள் பழனியம்மாள் சோற்றுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு கொட்டகையின் அந்தக் கோடிக்குப் போய்விட்டாள். இன்னும் சிலரும் அவள் பின்னால் போனார்கள். கிருஷ்ணம்மாள் இடம் மாறவில்லை. கடைசிப் பத்தியை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். வேலம்மாளுக்குக் கண் சொக்கியது. இருந்தாலும் பத்திரிகையை விரித்து, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் வாசித்தாள்.