மூக்குக்குத் தனிச் சீட்டு

சஞ்சய்க்கு மூக்கு, சுருட்டை முடி, ஊரையே எழுப்பும் தும்மல் எல்லாமே தாய்மாமன் உதயசூரியனை உரித்து வைத்த மாதிரி. இன்றைக்கு அதுதான் அவனுக்குப் பயம். இருங்காட்டுக்கோட்டையில் கார்களுக்கு ஒயர் இணைக்கிற, இன்று அவன் கேட்டு வந்திருக்கும் இதே வேலைக்கு முன்பு வந்த மாமனைக் கலர் டெஸ்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாதாம். அந்த நாள் வரைக்கும் அவருக்கே அது தெரியாது என்பதுதான் கொடுமை! அப்புறம் தன் கண்ணை மட்டும் சஞ்சய் எப்படி நம்புவான்?

சுங்குவார்சத்திரம் டீக்கடையில், டெஸ்ட் முடித்து வந்தவர்களைப் பிடித்து, கலர் டெஸ்டின் புள்ளிப் படங்களில் ஒளிந்திருக்கும் எண்களை வரிசையாகக் கேட்டு உருப்போட்டுவிட்டான்.

கம்பெனி மருத்துவ அறையில் டாக்டர் செல்வலட்சுமி அந்தப் படப் புத்தகத்தை மேசையில் வைத்தார். "சொல்லுப்பா."

"பன்னெண்டு, எட்டு, இருபத்தொம்போது, அஞ்சு..."

"இருப்பா! நான் இன்னும் புக்கே தொறக்கல."

மாட்டிக்கொண்டான். எல்லாவற்றையும் உளறினான். "எனக்கு அப்படியே எங்க மாமா மூஞ்சி மேடம். அம்மா வழியில வருமாமே, எனக்கும் கண்ணு அப்படித்தான் இருக்கும்."

டாக்டருக்குக் கோபம் வரவில்லை, சிரிப்பு வந்தது. "உங்கம்மாகிட்டருந்து மூக்குக்கு ஒரு சீட்டு, கண்ணுக்கு வேற சீட்டுன்னு தனித்தனியா குலுக்கித்தாம்பா வருது. மாமா மூக்கு வந்துச்சுங்கறதுக்காக அவர் கண்ணும் வரணும்னு இல்ல. வரலாம், வராமலும் போலாம். இப்ப பாரு."

நடுவில் எங்கேயோ பிரித்தார். புள்ளிகளுக்குள்ளிருந்து எண் பளிச்சென்று எழுந்து நின்றது.

"எழுபத்தி நாலு!"

அடுத்தடுத்த பக்கங்கள். "ஆறு! நாப்பத்தஞ்சு!" தெரிகிறது, எல்லாமே தெரிகிறது! சந்தோஷத்தில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேவிட்டான்.

"கத்தாதப்பா, பக்கத்து ரூம்ல பிபி பாக்குறாங்க."

கம்பெனி கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் மாமன் காத்திருந்தார். மருமகனுக்குத் தன் சாடை என்று யாராவது சொன்னாலே, கண்ணும் தன்னைப் போலவோ என்று பயந்து பேச்சை மாற்றிவிடுகிற மனுஷன்.

"பாஸ் மாமா! மூக்குக்குத் தனிச் சீட்டாம், கண்ணுக்குத் தனிச் சீட்டாம்!"

மாமன் அவன் தலையைப் பிடித்து நெஞ்சோடு அழுத்திக்கொண்டார். டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா சார், உம் புள்ளயா?"

"அக்கா பையன்யா," என்றார் உதயசூரியன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இந்த மூக்கப் பாத்தா தெரியல?"