சும்மா செய்கிறவர்கள்

நூலகத்தை மூடப்போகிறார்களாம் என்று மருமகள் வந்து சொன்னபோது தையல்காரம்மா மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். மிதிப்பதை நிறுத்தவில்லை. "மூடுவாங்க, மூடுவாங்க! அவங்க அப்பன் வீட்டுச் சொத்தா?" என்று ஒரு கத்தல் போட்டாள். கத்தி முடித்த பிறகுதான் உறைத்தது. நூலகம் இல்லையென்றால் மருமகளுக்கு வேலை இல்லை. மருமகளுக்கு வேலை இல்லையென்றால் இந்த வீட்டில் அடுப்பு எரியாது.

மகன் கிடங்கில் மூட்டை தூக்கியவன். ஒருநாள் மூட்டையோடு படியில் உருண்டான். அன்றைக்குப் படுத்தவன்தான், இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடக்கிறான். தையல்காரம்மாவுக்கு வருவதெல்லாம் ஜிப் மாற்றுவது, கிழிந்த பேண்ட்டுக்கு ஒட்டுப்போடுவது. அந்தக் காசு மகனின் மாத்திரைக்கே இழுத்துக்கோ பறிச்சுக்கோ என்றிருக்கும். நகராட்சி நூலகத்தில் மருமகள் வாங்கும் சம்பளத்தில்தான் வாடகையும் சாப்பாடும் மின்சாரமும் ஓடின.

நூலகத்துக்கு வந்த கேடு கூரை. மழை பெய்தால் வாசிப்பு மேசைகள்மேல் பிளாஸ்டிக் வாளிகள் ஏறிவிடும். அகராதி பார்க்க வந்தவர்கள் வாளியைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் அகராதியைத் திறக்க வேண்டும். கூரை மாற்றப் பணமில்லை என்று நகராட்சி கையை விரித்துவிட்டது. இடிந்து விழுந்தால் யார் பதில் சொல்வது, பூட்டிவிடலாம் என்று பேச்சு.

"கூரைதானே? நாம போடுவோம்," என்றாள் தையல்காரம்மா.

"நாமன்னா யாரு அத்தை?"

"நான்தான். அப்புறம் வர்றவங்க வரட்டும்."

வந்தார்கள். அங்கேதான் வினை ஆரம்பித்தது, ஆனால் அப்போது யார் கண்டார்கள்! முதலில் வந்தவள் ரேடியோ. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், வாய் ஓயாது என்பதால் தெருவில் அந்தப் பெயர். அடுத்து வந்தவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், எல்லோருக்கும் டிரைவர் அண்ணன். பின்னாலேயே இன்னும் பத்திருபது பேர். மனிதர்களைச் சும்மா சொல்லக்கூடாது. நல்ல காரியம் என்று ஒருத்தி தெருவில் இறங்கினால் கூட நாலு பேர் இறங்கத்தான் செய்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நூலக வாசலில் கார் கழுவினார்கள். பழைய புத்தகம், பழைய துணி, ஓடாத கடிகாரம்கூட விற்றார்கள். தையல்காரம்மா வீடு வீடாகப் போய்ப் பழைய திரைச்சீலைகளை வாங்கிப் புத்தகப் பைகளாகத் தைத்துத் தள்ளினாள். டிரைவர் அண்ணன் பஸ் நிலையத்தில் தகர டப்பாவைக் குலுக்கிக்கொண்டு, "என் வண்டியில டிக்கெட் எடுக்காம ஏறினவங்க எல்லாம் இப்பப் போடுங்க! நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்!" என்று சத்தம் போட்டார். சிரித்துக்கொண்டே போட்டார்கள். எத்தனை பேர் ஓசியில் ஏறியிருக்கிறார்கள் என்று பார்த்து அண்ணனுக்கே வருத்தம்.

பணம் மட்டும் போதாது, நூலகம் கலகலவென்று இருந்தால்தான் மூட மனசு வராது என்று தையல்காரம்மாவுக்கு ஒரு கணக்கு. அதனால் ஆளுக்கு ஒரு நேரம் வைத்துக்கொண்டு உள்ளேயும் நுழைந்தார்கள். புத்தகம் அடுக்கினார்கள். முதுகு பிய்ந்த புத்தகங்களைத் தையல்காரம்மா மெழுகு தேய்த்த நூலால் தைத்தாள். சாயங்காலம் பூட்டுகிற நேரத்தைத் தள்ளிப்போட்டார்கள். மருமகளுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. எந்த எண் எந்த அலமாரி என்று ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். கம்ப்யூட்டர் பக்கம் மட்டும் யாரையும் விடவில்லை.

"அதையும் கத்துக் குடேன்டி," என்றாள் தையல்காரம்மா ஒருநாள்.

"அது வேண்டாம் அத்தை. அத மட்டுமாவது என்கிட்ட விடுங்க."

"அடேங்கப்பா! ராணுவ ரகசியம்!"

மருமகள் சிரிக்கவில்லை. தையல்காரம்மாவுக்குச் சுருக்கென்றது. படித்த திமிர் என்று நினைத்துக்கொண்டாள். மூளை இருந்திருந்தால் வேறு ஒன்று நினைத்திருப்பாள்.

அந்த வாரமே மருமகள் காய்ச்சலில் விழுந்தாள். எழுந்து உட்கார முடியவில்லை. நூலகம் ஒருநாள்கூட மூடவில்லை. பின்னால் நின்று எட்டி எட்டிப் பார்த்தே கம்ப்யூட்டரைக் கற்று வைத்திருந்தாள் ரேடியோ. புத்தகம் கொடுத்தாள், வாங்கினாள், தாமதத்துக்குத் திட்டவும் திட்டினாள். மருமகள் தேறி வந்தபோது மேசை துடைத்துப் பளபளவென்று இருந்தது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

கூரைக்குப் பணம் சேர்ந்து வேலையும் தொடங்கிய சமயத்தில் நகராட்சியிலிருந்து ஓர் அதிகாரி பார்க்க வந்தார். அதட்டல் இல்லை, அலட்டல் இல்லை. தங்கமான மனிதர் என்று தையல்காரம்மா முடிவு கட்டிவிட்டாள். நாற்காலி போட்டு, டீ கொடுத்து, தானே சுற்றிக் காட்டினாள். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். இதை யார் அடுக்கினது? நாங்கதான். சாயங்காலம் யார் இருக்கிறது? நாங்கதான்.

"கம்ப்யூட்டர்?"

"இவங்க பாப்பாங்க சார்," என்று ரேடியோவை முன்னே தள்ளினாள்.

"லைப்ரரியன் அம்மா லீவு போட்டா சிரமமா இருக்குமே?"

மருமகள் அலமாரிக்கு அந்தப் பக்கம் நின்று வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். தையல்காரம்மா அதைப் பார்த்தாள். பார்த்தும், அடக்கமாகப் பேசச் சொல்கிறாள் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டாள். அடக்கம் என்ன அடக்கம்! நம் பெருமையை நாம் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்?

"என்ன சார் சிரமம்? இப்பக்கூட காய்ச்சல்னு அவ பத்துப் பதினஞ்சு நாள் படுத்துட்டா. ஒருநாள் மூடினோமா கேளுங்க! வந்தவங்களுக்கு அவ இல்லைன்னே தெரியாது சார்!"

அதிகாரி டீயைக் குடித்து முடித்தார். "ரொம்ப நல்ல விஷயம்மா," என்றார்.

கூரை முடிந்து நூலகத்தில் விழா வைத்த அன்று கூடம் கொள்ளாத கூட்டம். தையல்காரம்மாவை முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். அதிகாரி மைக் முன்னால் வந்து, மக்கள் சக்தி, முன்மாதிரி என்றெல்லாம் பேசினார். பிறகு குரலை உயர்த்தி, "இந்த நூலகம் மூடப்படாது!" என்றார். கூரை பறந்துவிடும்போல் கைதட்டல். "அடுத்த மாதம் முதல் இந்த நூலகத்தைத் தன்னார்வலர்களாகிய நீங்களே நடத்தப்போகிறீர்கள். இடமும் மின்சாரமும் நகராட்சி தரும். மற்ற எல்லாம் உங்கள் கையில்!"

தையல்காரம்மா கை வலிக்கத் தட்டினாள். எல்லோருக்கும் முன்பாகத் தொடங்கி எல்லோருக்கும் பிறகு நிறுத்தினாள். தட்டிக்கொண்டே திரும்பி மருமகளைத் தேடினாள். அவள் சுவரோரமாக நின்றிருந்தாள். இரண்டு கையும் தொங்கிக்கொண்டிருந்தன. முகத்தில் ஈயாடவில்லை. அப்போதுதான் தையல்காரம்மாவுக்கு 'மற்ற எல்லாம்' என்றால் என்ன என்று புரிந்தது.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் மருமகள் கேட்டாள்.

"நான் தலைய ஆட்டினேனே அத்தை. நீங்க பாத்தீங்க."

"சத்தியமா எனக்குப் புரியலடி. உன்னை உசத்திப் பேசறதா நினைச்சேன்."

"என்னை எங்க பேசினீங்க? நான் இல்லாமலே நடக்குதுன்னுதான் பேசினீங்க."

உள்ளேயிருந்து மகன், "விழா எப்படிம்மா?" என்று கேட்டான். இரண்டு பேருமே காதில் வாங்காத மாதிரி உள்ளே போனார்கள்.

மறுநாள் தையல்காரம்மா நேரே நகராட்சி அலுவலகத்துக்குப் போய் அதிகாரியின் மேசை முன்னால் நின்றாள். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"நாங்க யாரும் இனிமே வர மாட்டோம் சார். அவளை வேலையில வைங்க."

"நீங்க வரலைன்னா மூடிடுவோம்மா," என்றார் அவர், கொஞ்சமும் கோபப்படாமல். "அவங்க சம்பளத்துக்கு ஒதுக்கின பணம் இனிமே கிடையாது. திறந்திருந்தாலும் கிடையாது, மூடினாலும் கிடையாது."

"எங்க கூரை சார் அது! நாங்க காரு கழுவிப் போட்ட கூரை!"

"அதுக்குத்தானேம்மா உங்ககிட்டயே குடுக்கிறோம்."

அடித்திருந்தால்கூடத் திருப்பி அடித்திருப்பாள். இப்படிச் சிரித்த முகமாகப் பேசுகிறவனை என்ன செய்வது? வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் எல்லோரையும் புதுக்கூரையின் கீழ் கூட்டினாள். சுற்றி வளைக்கவில்லை. "நாம சும்மா செஞ்சதாலதான் அவ வேலை போச்சு. எல்லாரும் நிறுத்துவோம். நாலு நாள் பூட்டிக் கிடந்தா ஊரே போய் அவங்களக் கேக்கும்," என்றாள்.

யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் டிரைவர் அண்ணன் தொண்டையைக் கனைத்தார்.

"உன் வருத்தம் புரியுதும்மா. ஆனா ஊரு கேக்கலைன்னா? ஒருதடவை பூட்டினா பூட்டினதுதான். இவ்வளவு பாடுபட்டு நாமளே மூடறதா?"

"அப்ப என் மருமக?"

"அந்தப் பொண்ணு கெட்டிக்காரி. வேற வேலை கிடைக்கும்."

"உங்க பொண்ணா இருந்தா இப்படிச் சொல்வீங்களாண்ணே?"

அண்ணன் குனிந்துகொண்டார். நல்ல மனிதர்கள், அத்தனை பேரும் நல்லவர்கள். அதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டாவது வந்திருக்கலாம். சாவியை ரேடியோ எடுத்துக்கொண்டாள். தையல்காரம்மா அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள், சொன்னபடியே நின்றாள்.

மருமகளுக்கு வேலை கிடைக்கத்தான் செய்தது. கிடங்கில், இரவு ஷிப்டில், பெட்டி கட்டும் வேலை. புருஷன் இடுப்பை முறித்துக்கொண்ட அதே கிடங்கு. சம்பளம் முன்பு வாங்கியதில் பாதி. விடிந்து வீட்டுக்கு வருவாள். விரல் நுனியெல்லாம் அட்டை கிழித்த கோடுகள். நாலு வாய் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையிலேயே சுருண்டுவிடுவாள். தையல்காரம்மா மிஷினைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தி மிதிப்பாள்.

ஒருநாள் காலை போன் அடித்தது. மருமகள் படுத்து அரை மணிகூட ஆகியிருக்காது. ரேடியோவின் குரல் அறைக்கே கேட்டது. எதையோ அழுத்திவிட்டாளாம். யார் யாரிடம் என்ன புத்தகம் இருக்கிறது என்ற விவரம் மொத்தமும் கம்ப்யூட்டரில் காணவில்லையாம். பரீட்சை நேரம், வாசலில் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்களாம்.

மருமகள் கண்ணை மூடிக்கொண்டே பொறுமையாகச் சொன்னாள். "இடது பக்கம்... அது இல்லக்கா, அதுக்குக் கீழ." கொஞ்ச நேரத்தில் மறுபடி போன். மறுபடி சொன்னாள். மூன்றாவது தடவை அடித்தபோது எழுந்து உட்கார்ந்து, "எதையும் தொடாதீங்க, நானே வர்றேன்," என்றாள்.

தையல்காரம்மா சமையலறையிலிருந்து பாய்ந்து வந்து நிலைப்படியை மறித்தாள்.

"அடியெடுத்து வச்ச, என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது! உன் சம்பளத்தைப் பிடுங்கிட்டு இப்ப உன் தூக்கத்தையும் பிடுங்கறாங்களா? பணம் குடுக்கச் சொல்லு, போ."

"யாரு குடுப்பா அத்தை? அவங்களே சும்மா செய்யறாங்க."

"நாசமாப் போகட்டும்னு விடேன்டி!"

மருமகளின் கண்கள் சிவந்திருந்தன. தூக்கமா அழுகையா தெரியவில்லை. "முடியல அத்தை. விடணும்னுதான் பாக்கறேன். நான் உண்டாக்கி வச்சது அது. கெட்டுப்போறதப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்க முடியல."

மாமியாரின் தோளைப் பிடித்து மெதுவாக விலக்கிவிட்டுப் போனாள். தையல்காரம்மா விலகிக்கொடுத்தாள். வேறு என்ன செய்ய முடியும்? காசு கேட்காமல் எழுந்து ஓடுகிற புத்தியைத் தெருவுக்கே கற்றுக்கொடுத்தவள் அவள்தான். தெருமுனை திரும்பும் வரை மருமகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவ எங்கம்மா போறா? இப்பத்தானே வந்து படுத்தா," என்றான் மகன் கட்டிலிலிருந்து.

"லைப்ரரிக்குடா."

அவன் முகம் மலர்ந்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு, இரண்டு கையையும் ஊன்றித் தானாக எழுந்து உட்காரப் பார்த்தான். "திரும்ப எடுத்துக்கிட்டாங்களாம்மா?"

தையல்காரம்மா அவன் முதுகுக்குப் பின்னால் தலையணையைக் கொடுத்துத் தாங்கிப் பிடித்தாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லடா," என்றாள். "நாங்க போனோம் பாரு, அந்த மாதிரி போறா. சும்மா."