நாற்பது வருஷம் காலியாக இருந்த பதவி

பேராயர் அலுவலகச் செயலாளர் போன் செய்தபோது போதகர் ஆசீர் புத்தூர் வீட்டில் தனியாக இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, உதவிப் பேராயர் பதவிய திரும்பக் கொண்டு வரோம். உங்க பேரத்தான் எல்லாரும் சொன்னாங்க."

"சரிங்க" என்றார். தட்டில் இன்னும் ஒரு இட்லி இருந்தது. அதையும் சாப்பிட்டார்.

அது வெள்ளைக்காரர்களின் ஆங்கிலிக்கன் சபை காலத்துப் பதவி. வெள்ளைக்காரப் பேராயர் ஒருவர் வயதாகி ஊர் ஊராகப் போக முடியாமல் ஆனபோது, கொள்ளிடத்துக்கு வடக்கேயுள்ள சபைகளைக் கவனிக்க ஏற்படுத்தியது. சுதந்திரத்துக்குப் பின் பல சபைகள் ஒன்றாக இணைந்த பிறகும் பதவி தங்கிவிட்டது. கடைசியாக இருந்தவர் ஓய்வு பெற்றபின் யாரையும் நியமிக்கவில்லை. பதவியை எடுத்துவிடவும் இல்லை. கூட்டத்துக்குக் கூட்டம் யாராவது பேச்செடுப்பார்கள். அடுத்த தடவை பார்க்கலாம் என்று எழுந்துவிடுவார்கள். நாற்பது வருஷம் அப்படியே ஓடிவிட்டது.

அவருக்கு அந்தப் பதவி கிடைக்க வேண்டும் என்ற ஆசை எல்லாம் மனைவி ரஞ்சிதத்துக்குத்தான். ஒவ்வொரு கூட்டம் முடிந்து அவர் வரும்போதும் கேட் பக்கத்திலேயே நின்று, "என்ன சொன்னாங்க?" என்பாள். அவள் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

பெரிய கடைவீதியில் தையல்காரர் நிஜாமுதீன் ஊதா அங்கிக்கு அளவெடுத்தார்.

"அம்மா வரலீங்களா? போன வருஷமே வந்து எந்த ஊதா உங்களுக்கு எடுப்பா இருக்கும்னு பாத்துட்டுப் போனாங்க."

"இல்லீங்க" என்றார் ஆசீர். நிஜாமுதீன் சொன்னபடி கையைத் தூக்கினார்.

பதவியேற்பு அபிஷேகத்தன்று மாலைகள் விழுந்தன. எல்லாரோடும் கைகுலுக்கினார். போட்டோவில் சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தார். யாருக்கோ நடப்பதைப் போல இருந்தது.

தலையில் கை வைத்து ஜெபித்து, சபையின் முழு உறுப்பினராக்கும் திடப்படுத்தல் ஆராதனை, அவருக்கு முதலாவது, துறையூர்ப் பக்கம் ஒரு சின்ன சபையில். பிள்ளைகளின் வரிசைக்குக் கடைசியில் பிச்சைமுத்து என்ற அறுபது வயது விவசாயி மண்டியிட்டார். ஆசீர் அவர் தலையில் கை வைத்தார். எண்ணெய் தடவிய, முடி உதிர்ந்த, சூடான தலை. ஆஸ்பத்திரியில் ரஞ்சிதத்தின் நெற்றியில் கை வைத்ததற்குப் பிறகு அவர் பெரியவர்கள் யார் தலையையும் தொட்டதில்லை. ஜெபத்தின் அடுத்த வார்த்தை வரவில்லை. கையும் நகரவில்லை.

பிச்சைமுத்து மெல்லச் சொன்னார், "ஐயா, முட்டி வலிக்குதுங்க."

"மன்னிச்சுக்கங்க." ஆசீர் இரண்டு கைகளாலும் அவரைத் தூக்கி நிறுத்தினார். நின்ற நிலையிலேயே ஜெபத்தை முடித்தார்.

திரும்பி வரும்போது டிரைவர் டிஷ்யூ காகிதத்தை நீட்டினார். "கையில எண்ணெயா இருக்குங்க ஐயா."

"இருக்கட்டும்" என்றார் ஆசீர்.